இரண்டாவது பிள்ளை வரும்போது

மதுரை மாவட்டத்தில் எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும் சுவரில் அந்த அறிவிப்பு இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, கேட்பதும் குற்றம். 1994இல் வந்த சட்டம் அது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலைகள் 1980களின் நடுவில் பத்திரிகைகளில் வந்து நாட்டையே உலுக்கின. அதனால் இந்தப் பக்கத்தில் அந்தப் பலகைக்குத் தனி கனம் உண்டு. வயிற்றில் இரட்டை என்று தெரிந்த குடும்பத்துக்கு அந்தச் சட்டத்தால் இன்னொரு விளைவும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரட்டை என்றதும் வீட்டில் கிளம்பும் பேச்சு ஒரே மாதிரிதான் இருக்கும். ஒட்டு வாழைப்பழம் சாப்பிட்டாயா என்று ஒரு பெரியம்மா கேட்பார். எங்கள் வகையறாவில் இரட்டையே கிடையாதே என்று மாமியார் யோசிப்பார். இரண்டு நாள் கழித்து உண்மையான கேள்வி வரும்: நார்மலா ஆகுமா, ஆபரேஷன்தானா?

உலகக் கணக்கில் 1,000 பிரசவத்துக்குச் சுமார் 12 இரட்டைப் பிரசவம். ஆண்டுக்குப் பதினாறு லட்சம் ஜோடி. தெற்காசியாவில் இயல்பாகவே இது குறைவு, நெடுங்காலமாக 1,000க்கு 9ஐத் தொடாமல் இருந்த பகுதி நம்முடையது. இப்போது திருமணம் தள்ளிப்போகிறது, கருத்தரிப்பு சிகிச்சையும் பெருகிவிட்டது. கருத்தரிப்பு மையத்தின் போர்டு இல்லாத பெரிய சாலை மதுரையில் அரிது. அதனால் இரட்டைப் பிள்ளை சுமக்கும் பெண்கள் முன்பைவிட அதிகமாகவே பிரசவ வார்டுக்கு வருகிறார்கள்.

அவர்கள் வந்து சேரும் மாநிலம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. இந்தியா முழுவதற்கும் 21.5தான். ஒற்றைப் பிள்ளைக்கே இப்படி என்றால் இரட்டைக்குக் கேட்கவா வேண்டும்? ‘ட்வின்ஸ்’ என்று சொல்லி முடிப்பதற்குள் ‘அப்ப சிசேரியன்தான்’ என்ற பதில் வந்துவிடுகிறது.

அந்தப் பதில் சரியா என்பதை நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. டொரன்டோவின் ஜான் பேரட் என்ற மகப்பேறு மருத்துவர் தலைமையில் 25 நாடுகளின் 106 மருத்துவமனைகள் அதில் சேர்ந்தன. 2003 டிசம்பர் முதல் 2011 ஏப்ரல் வரை, இரட்டைக் கரு சுமந்த சுமார் 2,800 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் திட்டமிட்ட சிசேரியன், மறுபாதிக்குத் திட்டமிட்ட சுகப்பிரசவம். 2013இல் முடிவு வெளியானது. குழந்தை இறப்பு அல்லது கடுமையான பாதிப்பு சிசேரியன் பிரிவில் 2.2 சதவீதம், சுகப்பிரசவப் பிரிவில் 1.9 சதவீதம். புள்ளியியல்படி இரண்டும் ஒன்றுதான். கத்தி வைத்ததால் குழந்தைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை.

‘பார்த்தீர்களா, நார்மலே போதும்’ என்று கிளம்பிவிடக் கூடாது. அதே ஆய்வின் இன்னொரு எண் 43.8. சுகப்பிரசவம் என்று திட்டமிட்டவர்களில் அத்தனை சதவீதம் பேருக்குக் கடைசியில் சிசேரியன்தான் நடந்தது. அவர்களில் பலருக்குத் திட்டம் வழியிலேயே மாறியது, திட்டத்தை மாற்றக்கூடிய இடத்தில் அவர்கள் இருந்தார்கள். ஆய்வில் சேர நிபந்தனைகளும் இருந்தன. வெளியே முதலில் வரப்போகும் பிள்ளை தலைகீழாக இருக்க வேண்டும். 32 வாரம் தாண்டியிருக்க வேண்டும். இரு பிள்ளைகளும் தனித்தனிப் பனிக்குடத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனை 30 நிமிடத்துக்குள் அவசர சிசேரியனுக்குத் தயாராக வேண்டும். பிரசவம் பார்ப்பவருக்கு இரட்டைப் பிரசவம் கைவந்திருக்க வேண்டும்.

பிரான்ஸில் இதைவிட இயல்பான நிலையில் ஓர் ஆய்வு நடந்தது. குலுக்கல் எதுவும் இல்லை, 2014-15இல் நாடு முழுக்க 176 மருத்துவமனைகளில் நடந்த இரட்டைப் பிரசவங்களை அப்படியே பதிவு செய்தார்கள். அங்கே நான்கில் மூன்று பெண்களுக்கு சுகப்பிரசவம்தான் திட்டம். அப்படித் திட்டமிட்டவர்களில் 80 சதவீதம் பேர் இரண்டு பிள்ளைகளையுமே ஆபரேஷன் இல்லாமல் பெற்றார்கள். அந்த நாட்டில் இரட்டைப் பிரசவம் பார்க்கும் கைகள் இன்னும் பழக்கத்தில் இருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை இந்த விஷயம் முழுவதும் இதில்தான் நிற்கிறது. ஆனால் கைக்கு வருமுன் நஞ்சைப் பற்றி, அதாவது நஞ்சுக்கொடியைப் பற்றிப் பேச வேண்டும்.

முகம் ஒன்றுபோல் இருக்குமா என்பது வீட்டாரின் ஆர்வம். மருத்துவருக்கு அதைவிட அவசரமான கேள்வி, நஞ்சு ஒன்றா இரண்டா என்பதுதான். இரண்டு முட்டையில் உருவான பிள்ளைகளுக்கு அநேகமாக எப்போதும் இரண்டு நஞ்சு. ஒரே கரு இரண்டாகப் பிரிந்திருந்தால், பிரிந்த நாளைப் பொறுத்தது. முதல் 3 நாளுக்குள் பிரிந்தால் அவற்றுக்கும் தனித்தனி நஞ்சு, தனித்தனிப் பனிக்குடம். 4 முதல் 8 நாளுக்குள் என்றால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. ஒரே கருவிலிருந்து வரும் இரட்டைகளில் பெரும்பகுதி இந்த வகைதான். அதற்கும் பிறகு பிரிந்தால் நஞ்சும் ஒன்று, பனிக்குடமும் ஒன்று. இரண்டு வாரத்தை ஒட்டிப் பிரிவது முழுமையடையாமல் போனால் ஒட்டிப் பிறக்கும் பிள்ளைகள்.

நஞ்சு ஒன்று என்றால் அதற்குள் இரு பிள்ளைகளின் ரத்தக்குழாய்களும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். நூற்றில் 10 முதல் 15 பேருக்கு அந்தப் பின்னலில் கணக்கு தவறி, ஒரு பிள்ளையின் ரத்தம் மறுபிள்ளைக்கே ஓடத் தொடங்கும். கொடுக்கும் பிள்ளை வாடும், அதன் பனிக்குடத்தில் தண்ணீர் வற்றும். வாங்கும் பிள்ளையின் இதயம் திணறும், அதன் பனிக்குடம் உப்பும். நேரத்தில் கண்டுபிடித்தால் கருப்பைக்குள் லேசரைச் செலுத்தி அந்தக் குழாய்களை அடைக்க முடியும். கண்டுபிடிக்கத்தான் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.

நஞ்சு ஒன்றா இரண்டா என்று பார்க்க ஏற்ற காலம் 11 முதல் 14 வாரம். இரு பிள்ளைகளுக்கும் நடுவே உள்ள சவ்வு நஞ்சைத் தொடும் இடத்தை ஸ்கேன் திரையில் பார்ப்பார்கள். இரண்டு நஞ்சு என்றால் அந்த அடியில் முக்கோணமாக ஓர் ஆப்பு எழும்பி நிற்கும். ஒரே நஞ்சு என்றால் சவ்வு மெலிதாக, செங்குத்தாக வந்து ஒட்டும், ஆங்கில ‘டி’ எழுத்தைத் திருப்பி வைத்ததுபோல. நாளாக ஆக அந்த முக்கோணம் மங்கிக் காணாமல் போகும்.

சுவரில் இருக்கும் பலகைக்கு இப்போது வரலாம். வேறு நாடுகளில் அந்த முதல் வாய்ப்பைத் தவறவிட்டாலும் ஒரு மாற்றுவழி உண்டு. ஐந்தாம் மாத ஸ்கேனில் ஒன்று ஆண், ஒன்று பெண் என்று தெரிந்தால் இரண்டு முட்டை, ஆகவே இரண்டு நஞ்சு என்று அறிக்கையிலேயே எழுதிவிடுவார்கள். இங்கே அப்படி எழுத முடியாது, எழுதவும் கூடாது. பெண் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த சட்டம் சரியான சட்டம்தான். அதனால் நம் ஊரில் மூன்றாம் மாத ஸ்கேனின் அந்த ஒரு வரி இன்னும் விலை கூடியதாகிறது. அறிக்கையில் ‘ட்வின்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால், நஞ்சு எத்தனை என்று எழுதித்தரக் கேட்டு வாங்குவது அந்தக் கர்ப்பத்தின் மிக லாபகரமான ஐந்து நிமிடம்.

அந்த ஒரு வரி பிரசவத் தேதியையே மாற்றும். இரண்டு நஞ்சு என்றால், சிக்கல் எதுவும் இல்லாதபோது, 37ஆம் வாரத்தை ஒட்டிப் பிரசவம். ஒரு நஞ்சு, இரண்டு பனிக்குடம் என்றால் 36ஆம் வாரம் ஒட்டி. 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டைக் கர்ப்பங்களின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2016இல் வெளிவந்த ஆய்வு இந்த எல்லைகளையே உறுதி செய்தது. அதற்குப் பிறகும் காத்திருந்தால் வயிற்றிலேயே பிள்ளை இறக்கும் அபாயம், முன்கூட்டிப் பிறப்பதன் அபாயத்தை முந்திவிடுகிறது. நஞ்சும் பனிக்குடமும் ஒன்றே என்றால் இரு தொப்புள்கொடிகளும் முறுக்கிக்கொள்ளும். அங்கே நார்மலா ஆபரேஷனா என்ற விவாதமே இல்லை, 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன். முதல் பிள்ளை குறுக்காகவோ கால் கீழாகவோ கிடந்தாலும் சிசேரியன்தான். விவாதம் எஞ்சுவது, தனித்தனிப் பனிக்குடத்தில் முதல் பிள்ளை தலைகீழாக இருக்கும் பெண்களுக்கு. அவர்கள்தான் பெரும்பான்மை.

அப்படி ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளை வருவதில் பெரிய புதுமை இல்லை. வழக்கமான பிரசவம்தான். அறையில் மட்டும் கூட்டம் அதிகமாக இருக்கும். இரண்டு வார்மர் கட்டில்கள் சூடாகிக்கொண்டிருக்கும், குழந்தை மருத்துவர் நிற்பார், மயக்க மருத்துவர் பக்கத்திலேயே இருப்பார். தலை வந்து, தோள் வந்து, முதல் பிள்ளை அழும்.

அந்த அழுகை கேட்டதும் ஒரு கை நிற்க வேண்டும். ஒற்றைப் பிரசவத்தில் பிள்ளை வந்தவுடன் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள், கருப்பை சுருங்கி நஞ்சு வெளியே வரட்டும் என்று. உள்ளே இன்னொரு பிள்ளை இருக்கும்போது அதைப் போட்டால் கருப்பை இறுகி அந்தப் பிள்ளையை நெரிக்கும். அதனால்தான் இரட்டை என்று தெரியாத பிரசவத்திலும், ஊசிக்கு முன்னால் வயிற்றைத் தொட்டுப் பார்த்து இன்னொன்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்பது ஸ்டாஃப் நர்ஸ்களின் ஆரம்பப் பாடம்.

முதல் பிள்ளை போன இடம் காலி. இரண்டாவது பிள்ளைக்குத் திடீரென்று வீடு பெரிதாகிவிட்டது. தலைகீழாக இருந்தது புரண்டு குறுக்கே படுத்துவிடலாம், குறுக்கே கிடந்தது தானாகத் திரும்பவும் செய்யலாம். உதவி மருத்துவர் இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றின் இருபுறமும் அணைகட்டி, பிள்ளை நெடுக்காக இருக்கும்படி பிடித்துக்கொள்வார். ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துத் தலை எங்கே என்று பார்ப்பார்கள். இதயத் துடிப்பை விடாமல் கேட்பார்கள். வலி தணிந்திருந்தால் சொட்டு மருந்தில் ஆக்ஸிடோசின் மெல்ல ஏறும். பனிக்குடத்தை அவசரப்பட்டு உடைக்க மாட்டார்கள், தலை இறங்கிப் பொருந்துவதற்குள் உடைத்தால் தண்ணீரோடு தொப்புள்கொடி நழுவி முன்னால் வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் மூளைக் கணக்கு.

குறுக்கே கிடக்கும் பிள்ளைக்கு ஒரு பழைய வித்தை உண்டு. மருத்துவர் கையை உள்ளே செலுத்தி, உடையாத பனிக்குடத்தின் வழியாகவே பிள்ளையின் காலைத் தேடுவார். விரலில் சிக்குவது காலா கையா என்று கண்ணால் பார்க்க முடியாது. குதிகால்தான் அடையாளம். கைக்குக் குதிகால் கிடையாது. பாதத்தைப் பற்றி மெல்லக் கீழே இழுக்க, பிள்ளை உள்ளேயே திரும்பி, கால் முன்னாக வந்துவிடும். 16ஆம் நூற்றாண்டில் ஆம்புரோஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் எழுதிப் பரப்பிய முறை. பழகிய கைக்கு இது சில நிமிட வேலை. பழகாதவர் செய்ய முனைந்தால் கருப்பையே கிழியலாம்.

இது முடியாமல் போனால், முதல் பிள்ளை நார்மல், இரண்டாவது சிசேரியன். டொரன்டோ ஆய்வில் சுகப்பிரசவப் பிரிவில் நூற்றில் சுமார் 4 பேருக்கு இப்படி ஆனது. பெண்கள் இதைத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள், நியாயம்தான். கீழே தையல், மேலே தையல், இரண்டு வலியும் ஒரே நாளில்.

அந்தப் பழகிய கை ஏன் அரிதாகிப்போனது என்பதற்கும் ஓர் ஆய்வுதான் காரணம், இரட்டையோடு சம்பந்தமே இல்லாத ஆய்வு. பிட்டம் முன்னாக இருக்கும் ஒற்றைப் பிள்ளைகளைப் பற்றி, 26 நாடுகளில் 2,088 பெண்களிடம் நடத்தி 2000இல் வெளியானது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பு என்றது. உலகெங்கும் மருத்துவமனைகள் சட்டென்று மாறின. பிட்டம் முன்னாக வரும் பிள்ளையைக் கையால் எடுக்கும் பிரசவம் பார்க்காமலேயே ஒரு தலைமுறை பட்டமேற்படிப்பு மாணவர்கள் மகப்பேறு மருத்துவர்களானார்கள். இரண்டாவது இரட்டைக்குத் தேவைப்படுவதும் அதே கைத்திறன்தான். ஒரு கேள்விக்குக் கிடைத்த விடை, பக்கத்துக் கேள்வியின் விடையை மாற்றிவிட்டது. இப்போது பொம்மை மாதிரிகளை வைத்துப் பயிற்சி தருகிறார்கள். நல்லதுதான், ஆனால் பொம்மைக்கு இதயத் துடிப்பு இறங்காது.

ஆகவே திருமங்கலத்திலோ மேலூரிலோ ஒரு சிறிய நர்சிங் ஹோம் டாக்டரம்மா ‘ட்வின்ஸா, சிசேரியன் பண்ணிக்கலாம்’ என்று சொன்னால், உடனே ‘காசு பிடுங்கப் பார்க்கிறார்’ என்று முடிவு கட்டுவது சரியல்ல. அங்கே அவர் ஒருவர்தான். மயக்க மருத்துவர் அழைத்தால்தான் வருவார், நாலு ஆஸ்பத்திரிக்கு அவர் ஒருவரே ஓடிக்கொண்டிருப்பார். குழந்தை மருத்துவரும் அப்படித்தான். நள்ளிரவு இரண்டு மணிக்குக் குறுக்கே புரண்ட பிள்ளையோடு தனியாக நிற்பதைவிட, காலை பத்து மணிக்கு எல்லோரையும் வரவழைத்து வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்வது அந்த இடத்துக்கு நேர்மையான முடிவு. அதே சமயம், எல்லா சிசேரியனுக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். தனியாரின் 63.8க்கும் அரசின் 36க்கும் இடையிலுள்ள தூரத்தை இடுப்பெலும்பின் அகலத்தை வைத்து விளக்கிவிட முடியாது.

சுகப்பிரசவம்தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கும் பெண், ஆளைப் பார்த்து அல்ல, இடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கோரிப்பாளையம் பக்கம் பனகல் சாலையில் இருக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையை மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்பார்கள். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பழைய பெயரைச் சொல்லும் தாத்தாக்கள் இன்னும் உண்டு. 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. இப்படிப்பட்ட போதனா மருத்துவமனையில் இரவு பகல் பாராமல் மகப்பேறு, மயக்கம், குழந்தை மருத்துவர்கள், ரத்த வங்கி, பச்சிளம் குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். அரசு இவற்றைச் சீமாங் மையம் என்று தரம் பிரித்திருக்கிறது. பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றிலும் இந்த ஏற்பாடு உண்டு. பெரியாஸ்பத்திரிக்குப் போகக் குடும்பங்கள் தயங்குவது கூட்டத்துக்கு அஞ்சி. அதிலும் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: 2004 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் துணைக்கு ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொள்ள உரிமை இருக்கிறது.

இந்த இடத்தில் நம் வழக்கம் ஒன்று இடறுகிறது. ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு போட்டுப் புள்ளத்தாச்சியை அம்மா வீட்டுக்கு அனுப்புவோம். ஒற்றைப் பிள்ளைக்கு அது சரி. இரட்டைகளில் பாதிக்கும் மேல் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடுகின்றன. ஒன்பதாம் மாத வளைகாப்பு முடிந்து வளையல் சத்தத்தோடு பேரையூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்துக்குப் போய் இறங்கும் பெண்ணுக்கு, அந்த வாரமே பனிக்குடம் உடையலாம். 108 ஆம்புலன்ஸ் வரும், நிச்சயம் வரும். ஆனால் அங்கிருந்து மதுரைக்கு 40 கிலோமீட்டருக்கும் மேல். சித்திரைத் திருவிழா நாளென்றால் வைகையைத் தாண்டுவதே ஒரு பயணம். வளைகாப்பை ஏழாம் மாதத்தில் முடித்துவிட்டு, 34 வாரத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அரைமணித் தொலைவுக்குள் ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருப்பது நல்லது. அம்மா அங்கே வந்து இருக்கட்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண்ணும் ஸ்கேன் அறிக்கைகளும் கூடவே இருந்தால் எந்த அரசு மருத்துவமனையிலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை.

நாள் பார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் மதுரையைப் பற்றி எழுதியதாக ஆகாது. சிசேரியன் என்று முடிவானதும் ஜோசியரிடம் போகாத குடும்பம் குறைவு. அஷ்டமி, நவமி வேண்டாம், சித்திரை வேண்டாம், இன்ன நட்சத்திரம் வேண்டும். மருத்துவர் சொன்ன அந்த வாரத்துக்குள் நல்ல நேரம் தேடினால் யாருக்கும் நஷ்டமில்லை. நட்சத்திரத்துக்காக 37ஐ 35 ஆக்குவதுதான் வினை. வலியே எடுக்காமல் சிசேரியனில் பிறக்கும் பிள்ளைகளுக்கு நுரையீரலில் நீர் தங்கி மூச்சுத் திணறுவது கூடுதல், வாரம் குறையக் குறைய அது இன்னும் கூடும். ஜாதகக் கட்டத்தில் குரு எங்கே நின்றாலும் நுரையீரலுக்குத் தெரிவதில்லை.

இரண்டு வழியில் எதைத் தேர்ந்தாலும் தப்பிக்க முடியாத அபாயம் ரத்தப்போக்கு. பேறுகாலம் நெருங்கும்போது கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் அந்தக் குழாய்வாய்கள் திறந்துகிடக்கும். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கருப்பைத் தசை இறுகித்தான் அவற்றை நெரித்து மூட வேண்டும். இரண்டு பிள்ளைகளை, இரண்டு நஞ்சை, இரண்டு பங்குத் தண்ணீரைச் சுமந்து விரிந்த தசை, நாள்பட இழுத்த எலாஸ்டிக் போலத் தொய்ந்திருக்கும். அதனால் இரட்டை பெற்றவளுக்கு ஆக்ஸிடோசின், மிசோபுரோஸ்டால், வயிற்றைத் தேய்த்துவிடுதல் எல்லாம் கையருகே இருக்க வேண்டும், பொருத்தம் பார்த்த ரத்தம் முன்னமே ஒதுக்கியிருக்க வேண்டும். எவ்வளவு ரத்தம் போனது என்று கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவோம். அளவுகோடு போட்ட பையை இடுப்புக்குக் கீழே விரித்து அளந்து, வரம்பு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரேயடியாகத் தொடங்கும் முறையை நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் 80 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதையொட்டிய ஆபத்தும் 60 சதவீதம் குறைந்தன என்று 2023இல் வெளியானது. ஒரு பிளாஸ்டிக் பையும் ஒழுங்கும்.

இதையெல்லாம் தாங்க அவளிடம் முதலில் ரத்தம் இருக்க வேண்டுமே. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. இரட்டை என்றால் இரும்புச்சத்துத் தேவை இன்னும் கூடும். ரத்தக் கொதிப்பும் ஒற்றையைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நர்ஸ் அக்கா கொடுக்கும் இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அலமாரியில் சேர்த்து வைக்காமல் அவரிடமே சொன்னால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு ஊசி உண்டு.

கடைசியாக, பிரசவ மேசையிலேயே எடுக்கப்படும் ஒரு முடிவு. சிசேரியனுக்கு எதிரான பெரிய வாதம் அடுத்த கர்ப்பம். பழைய தழும்பின் மேல் நஞ்சு ஒட்டி ஊடுருவினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அதே 2019-21 தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைதான். இரட்டை பிறந்த வீட்டில் ‘ஒரே தடவையில் ரெண்டும் ஆச்சு’ என்று அதோடு நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த கர்ப்பமே இல்லை. சிசேரியனோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் அந்த நேரத்தில் அடுத்த அறையில் இருப்பவை ஒன்றரைக் கிலோ, ஒன்றே முக்கால் கிலோ எடையுள்ள குறைமாதப் பிள்ளைகளாக இருக்கலாம். அவற்றின் முதல் சில வாரம் எப்படிப் போகும் என்று அந்த மேசையில் யாருக்கும் தெரியாது. கருத்தடை அறுவையைப் பிரசவமான 7 நாளுக்குள் செய்யாவிட்டாலும் 6 வாரம் கழித்துச் செய்யலாம். அதுவரை தாங்க, பிரசவத்தோடேயே காப்பர் டி போட்டுக்கொள்ளும் வசதியும் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. எட்டாம் மாதத்தில் இதைக் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசி, பதிலை மருத்துவரிடம் முன்னமே சொல்லி வைத்துவிடலாம். வலியோடும் மயக்க ஊசியோடும் இருக்கும் பெண்ணிடம் கேட்கவேண்டிய கேள்வி அல்ல அது.